உபேதாவுக்கு ஒரு பகல் போதுமா?

கேள்வி: ஸ்பெயினில் கிரனடாவிலிருந்து மாட்ரிட் போகும் வழியில் உபேதா, பயேசா என்ற இரண்டு ஊர்களையும் பார்க்க ஆசை. லினாரெஸ்-பயேசா ரயில் நிலையத்தில் இறங்கி, பகலில் சுற்றிவிட்டு மாலையே கிளம்பிவிடலாமா?

பதில்: முதலில் அந்த ரயில் நிலையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயரில்தான் பயேசா இருக்கிறது. ஊர் அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி. நடுவில் எல்லாம் ஆலிவ் தோப்பு. பெயரை நம்பி இறங்கினால் பஸ்ஸுக்கோ டாக்ஸிக்கோ காத்துக் கிடக்க வேண்டும். கிரனடாவிலிருந்து பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். அந்த நிலையம் மாட்ரிட்டுக்கு ரயில் ஏறும்போது உதவும்.

அப்புறம், மாலையே கிளம்ப வேண்டாம். உபேதாவில் ஓர் இரவு தங்குங்கள். மதியம் அடைக்கும் கதவுகள் பலவும் மாலையில்தான் திறக்கும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பகலை மட்டும் நம்பி வருபவர்களுக்குப் பாதி நேரம் பூட்டிய கதவுதான் மிஞ்சும்.

மாலை வெயில் சாயும்போது வாஸ்கெஸ் தெ மோலினா சதுக்கத்துக்குப் போங்கள். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் செயலாளராக இருந்த பிரான்சிஸ்கோ தெ லோஸ் கோபோஸ் இந்த ஊர்க்காரர். தன்னைப் புதைக்கவென்று 1536இல் அவர் கட்டத் தொடங்கியதுதான் எல் சல்வதோர் தேவாலயம். தியேகோ தெ சிலோயே வரைந்த திட்டத்தை ஆந்த்ரேஸ் தெ வந்தெல்விரா கட்டி முடித்தார். வாசலுக்கு மேலே இயேசு உருமாறும் காட்சியைப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே நுழைந்துவிடாதீர்கள். வளைவுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். வளைவின் உட்புறம் முழுக்கக் கிரேக்கத் தெய்வங்கள்! தேவாலய வாசலில் பழைய தெய்வங்களுக்கும் இடம் கொடுத்த காலம் அது. மறுமலர்ச்சிக் கலை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த வளைவைத்தான் காட்டுவேன்.

அதே சதுக்கத்தில் உள்ள 'சங்கிலி மாளிகை'யும் வந்தெல்விராவின் கைவண்ணம்தான். இப்போது அது நகராட்சி அலுவலகம். நேரம் இருந்தால் வலென்சியா தெருவில் குயவர்களின் பட்டறைகளுக்கும் போய் வாருங்கள். பச்சை மெருகிட்ட பானைகளுக்குப் பேர்போன தெரு.

மறுநாள் காலை பயேசா. இங்கிருந்து 9 கிலோமீட்டர்தான், அரை நாள் போதும். கதீட்ரல் சதுக்கத்தைச் சுற்றிவிட்டு, கவிஞர் அந்தோனியோ மச்சாதோ 1912 முதல் 1919 வரை பிரெஞ்சு கற்பித்த பழைய பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் போங்கள். அவருடைய வகுப்பறையை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். இந்தப் பக்கத்து பார்களில் குடிக்க ஏதாவது வாங்கினாலே தின்ன ஒரு சிறு தட்டு சும்மா வரும். இறைச்சி சாப்பிடாதவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தட்டில் என்ன வரும் என்பது பெரும்பாலும் கடைக்காரர் விருப்பம்.