தேரவாத (இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் உள்ள பௌத்த மரபு) பிக்கு ஒருவர் போதிக்க வருகிறார். என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

அதிகம் சறுக்குவது சாப்பாட்டு நேரத்தில்தான். விடியலுக்கும் நடுப்பகலுக்கும் இடையில் மட்டுமே அவர் உண்பார். நடுப்பகல் என்பது கடிகாரத்தின் 12 அல்ல, சூரியன் உச்சிக்கு வரும் நேரம். இடத்துக்கு இடம் மாறும். அன்றைய நேரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரம் முன்பே பரிமாறுங்கள். மேசையில் வைத்துவிட்டு "சாப்பிடுங்கள்" என்றால் போதாது. கையெட்டும் தூரத்தில் நின்று அவர் கையிலோ, அவர் ஏந்தும் பாத்திரத்திலோ கொடுக்க வேண்டும். கொடுத்ததை நீங்கள் எடுத்து நகர்த்தினால் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். பிற்பகலில் சக்கையில்லாமல் வடிகட்டிய, சூடாக்காத பழச்சாறு தரலாம். பால் விஷயத்தில் மடத்துக்கு மடம் வழக்கம் வேறு, கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். உறையில் போட்டாலும் அதே கதைதான். பயணச்சீட்டை நீங்களே எடுங்கள், காணிக்கையை அவருடைய உதவியாளரிடம் சேர்த்துவிட்டுத் தகவல் மட்டும் சொல்லுங்கள். அழைப்பில்லாமல் பொதுவாக அவராக எதையும் கேட்க மாட்டார். ஆகவே "இங்கிருக்கும்வரை மருந்து, பயணம் எதுவானாலும் கேளுங்கள்" என்று வந்த அன்றே சொல்லிவிடுங்கள்.

பெண்கள் உறங்கும் அதே கூரையின் கீழ் படுப்பது விதிப்படி தவறு. தனிக் கட்டடம் தேடுங்கள். காரை ஓட்டுபவர் பெண் என்றால் கூடவே ஓர் ஆண் வரட்டும்.

திபெத்திய, ஜென் பௌத்த ஆசிரியர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. பலர் இரவிலும் உண்பார்கள், சிலர் குடும்பஸ்தர்கள்.