கேட்டது நீங்கள்: பாங்காக் கொண்டோவும் உண்டியல் பணமும்

போன மாதம் வீட்டு வாடகை பற்றி இங்கே நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாடகையைப் பற்றியே இல்லை, வெளிநாட்டில் வீடு வாங்குவதைப் பற்றி. எல்லாவற்றையும் போட இடமில்லை, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கடிதம் முதலில், என் பதில் அதன் கீழே.

எனக்கு 58 வயது, ரங்கூனில் ஹார்டுவேர் கடை. மகன் பாங்காக்கில் வேலை செய்கிறான். ஒரு புரோக்கர் 30 லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) விலையில் ஒரு கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, காட்டுகிறார். நம் பெயரிலேயே பதியலாம், மாதம் 12,000 பாட் வாடகை வரும், ஆண்டுக்கு ஐந்து சதவீதம் கையில் நிற்கும், பணத்தை உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் மூலம் அனுப்பும் வழி) போட்டால் ஒரே நாளில் போய்விடும் என்கிறார். வாங்கலாமா? (தாம்வே வாசகர்)

நம் பெயரில் பதியலாம் என்பது உண்மைதான். தாய்லாந்தில் வெளிநாட்டவர் மண்ணைத்தான் வாங்க முடியாது. கொண்டோ சட்டம் 1979-ல் வந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்டு, இப்போது ஒரு கட்டடத்தில் உள்ள மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் முழு உரிமையோடு வைத்துக்கொள்ள விடுகிறது. 2024-ல் அங்கே கொண்டோ வாங்கிய வெளிநாட்டவர்களில் சீனர்களுக்கு அடுத்தபடி நம் பர்மாக்காரர்கள்தான், அதனால் உங்கள் புரோக்கர் ஒன்றும் இல்லாத ஊருக்கு வழி சொல்லவில்லை. ஆனால் உண்டியல் என்றாரே, அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் 30 லட்சமும் தொங்குகிறது.

பதிவு நாளன்று நிலத்துறை அலுவலகத்தில் உங்கள் பாஸ்போர்ட்டோடு இன்னொன்றும் கேட்பார்கள்: இந்த வீட்டுக்கான பணம் வெளிநாட்டுப் பணமாகத் தாய்லாந்துக்குள் வந்தது என்பதற்கு ஆதாரம். டாலராகவோ சிங்கப்பூர் வெள்ளியாகவோ வங்கி வழியாக வந்து, அங்கே போய் பாட்டாக மாறியிருக்க வேண்டும். 50,000 டாலரும் அதற்கு மேலும் என்றால் அதற்கென்று ஒரு படிவம் உண்டு, குறைவாக இருந்தால் வங்கியின் கடிதம். தவணை முறையில் கட்டினால் ஒவ்வொரு தவணைக்கும் இது வேண்டும். உண்டியலில் என்ன நடக்கும் என்பது கடைக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் இங்கே நம் ஊர்ப் பணமான கியாட்டை எண்ணிக் கொடுப்பீர்கள், அங்கே யாரோ ஒருவர் உங்கள் மகன் கையில் பாட்டை எண்ணிக் கொடுப்பார், எல்லைக்கு மேலே ஒரு ரூபாய்கூட நகர்ந்திருக்காது, அப்புறம் எந்த வங்கி உங்களுக்கு எந்தத் தாளைக் கொடுக்கும்? மகன் அங்கேயே சம்பளமாக வாங்கிச் சேர்த்த பாட்டும் இந்தக் கணக்கில் சேராது, இதைப் பலர் கடைசி நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள். பின்னால் வீட்டை விற்றுப் பணத்தை வெளியே எடுக்கும்போதும் இந்தத் தாளைத்தான் கேட்பார்கள். 'தாளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பர்மா பக்கம் சிக்கல் இன்னும் பெரிது. 2012-ம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி முதலீட்டுக்காகப் பணத்தை வெளியே அனுப்ப மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். 2024 ஜூன் மாதம் தாய்லாந்து கொண்டோ விற்றுக்கொடுத்தார்கள் என்று ரங்கூனில் சிலரைப் பிடித்துக்கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். அரசு விலை டாலருக்கு 2,100 கியாட் என்றும் வெளி விலை அதைப்போல இரண்டு பங்குக்கு மேல் என்றும் கிடந்த காலத்தில், எல்லோரும் கையில் இருக்கும் கியாட்டை எதிலாவது மாற்றிப் போட்டுவிடத் துடித்தார்கள். துடிப்பு எனக்குப் புரிகிறது. அதற்காகக் கைது ஆகிற வழியில் 30 லட்சம் பாட்டை அனுப்பச் சொல்லி நான் எழுத மாட்டேன்.

பெயர் விஷயம் ஒன்று இருக்கிறது, இது நம்மவர்களுக்கே உரிய தலைவலி. வீட்டில் முருகேசன், கோயில் ரசீதில் முருகேசன், அடையாள அட்டையில் தெய்ன் மௌங். ஒரு தாளில் பெயருக்கு முன்னால் 'ஊ' என்ற பர்மிய மரியாதைச் சொல் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் ஒட்டியிருக்காது. ஒரு நண்பர் வீட்டுக்கு அனுப்பிய மூன்று தவணையில் ஒன்று வேறு எழுத்துக்கூட்டலில் போய்விட்டது, அது இதே ஆள்தான் என்று நிரூபிக்க அவர் ஆறு வாரம் அலைந்தார். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும்.

நம் ஊர் தைக்கான் (மாடி வீடு) வாங்குகிற பழக்கத்தோடும் அங்கே போய் நிற்காதீர்கள். இங்கே நிலக்காரரும் காண்ட்ராக்டரும் பங்கு பிரித்துக்கொண்டு எட்டு மாடி எழுப்புவார்கள், விற்பது வெறும் ஒப்பந்தத் தாளில், அடுத்தவர் வாங்கும்போது அதன்மேல் இன்னொரு தாள். அஞ்சு கை மாறிய ஒரு வீட்டின் தாள்களைத் துருப்பிடித்த ஒரே குண்டூசியில் குத்தி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன், அதை நம்பித்தான் அந்தக் குடும்பம் தூங்குகிறது. அங்கே அப்படி இல்லை. நிலத்துறை கொடுக்கும் உரிமைப் பத்திரத்தின் பின்பக்கத்தில் உங்கள் பெயர் ஏறினால்தான் வீடு உங்களுடையது. அதற்கு முன்னால் கட்டட அலுவலகத்திடமிருந்து இரண்டு கடிதம் வாங்க வேண்டும்: வெளிநாட்டவர் பங்கில் இன்னும் இடம் இருக்கிறது என்று ஒன்று, பழைய உரிமையாளர் பராமரிப்புப் பணம் பாக்கி வைக்கவில்லை என்று ஒன்று. மாற்றுக் கட்டணம் அரசு மதிப்பில் 2 சதவீதம். விற்பவர் வாங்கி ஐந்து வருடத்துக்குள் விற்றால் 3.3 சதவீதம் தனி வரி, இல்லையென்றால் அரை சதவீத முத்திரை வரி. எதை யார் கட்டுவது என்பதைப் பேசி முன்பணம் கொடுக்கும் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஐந்து சதவீதம். மாதம் 12,000 என்றால் வருடத்துக்கு 1,44,000, அதை 30 லட்சத்தால் வகுத்தால் 4.8, அதைத்தான் புரோக்கர் ஐந்து என்கிறார். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, 12,000 போச்சு. புது ஆள் பிடித்துக் கொடுத்ததற்குத் தரகு ஒரு மாத வாடகை, இன்னொரு 12,000. 35 சதுர மீட்டர் வீட்டுக்கு மீட்டருக்கு மாதம் 50 பாட் பராமரிப்பு என்று வைத்தால் வருடத்துக்கு 21,000. மிச்சம் 99,000, அதாவது 3.3 சதவீதம். ஏசி கெடாமல், வாடகைக்காரர் சுவரில் ஆணி அடிக்காமல், வருமான வரி கட்டுவதற்கு முன்னால். நாள் வாடகைக்கு விட்டு இதைவிட அதிகம் பார்க்கலாம் என்பார்கள். 30 நாளுக்குக் குறைவாக விட அங்கே ஹோட்டல் உரிமம் வேண்டும். 'மூன்று வருடம் வாடகைக்கு உத்தரவாதம்' என்று விற்றால், அந்த வாடகையை விலையிலேயே ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள், பக்கத்துக் கட்டடத்தில் அதே அளவு வீடு என்ன விலை என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

என் பதில்: இந்த வழியில் வேண்டாம். மகனுக்கு வீடு வேண்டுமென்றால் வாடகைக்கு இருக்கட்டும். உங்கள் குடும்பத்தில் சிங்கப்பூரில் சம்பளம் வாங்கும் தம்பியோ கப்பலில் இருக்கும் மருமகனோ இருந்து, அவர் கணக்கில் உள்ள பணத்தை வங்கி வழியாக அனுப்பி அவர் பெயரிலேயே வாங்கினால் அது வேறு கதை. வாங்கினால் விசா கிடைக்குமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 30 லட்சத்துக்குக் கொண்டோ வாங்கினால் கொண்டோதான் கிடைக்கும்.

தாய்லாந்துக்காரப் பெண் ஒருத்தி எங்களுக்கு நல்ல பழக்கம், கூடப்பிறந்தவள் மாதிரி. அவள் பெயரில் வாங்கிவிட்டு எங்களுக்குள் ஒரு தாள் எழுதிக்கொண்டால்? (பகோ வாசகி)

அந்தத் தாளை நீதிமன்றத்தில் காட்டினால் முதலில் மாட்டுவது நீங்கள். பினாமி அங்கேயும் குற்றம்தான் அக்கா. வீடு அவளுடையது, நட்பு உங்களுடையது என்று ஆகிவிடும்.

மண்டலே நிலநடுக்கத்துக்குப் பிறகு ரங்கூன் வந்துவிட்டோம். பாங்காக்கில் உயரமான கட்டடத்தில் வாங்கப் பயமாக இருக்கிறது. பயப்படுவது சரியா? (மண்டலே வாசகர், இப்போது ரங்கூன்)

2025 மார்ச் 28-ஐ அனுபவித்த உங்களிடம் பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி. சகாயிங் பக்கம் குலுங்கியதற்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பாங்காக் ஆடியதற்குக் காரணம் அந்த ஊரின் மண். அடியில் மெத்தென்ற களிமண், தூரத்திலிருந்து வரும் மெதுவான அலைகளை அது பெரிதாக்கிவிடும், அந்த அலைகள் உயரமான கட்டடங்களைத்தான் பிடித்து ஆட்டும். சத்துசக்கில் கட்டிக்கொண்டிருந்த தணிக்கை அலுவலகக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது, ஆனால் குடியிருந்த கொண்டோக்களில் பெரும்பாலும் விரிசலும் உதிர்ந்த பூச்சும்தான்.

பார்க்கப் போனால் மாதிரி வீட்டைப் பார்க்காதீர்கள், அது மணப்பெண் அலங்காரம். அவசரப் படிக்கட்டில் நாலு மாடி இறங்குங்கள், கார் நிறுத்தும் தளத்தில் தூண்களைப் பாருங்கள், அங்கே யாரும் பவுடர் பூச மாட்டார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு பொறியாளர் சோதித்த அறிக்கை, கட்டடக் காப்பீட்டில் நிலநடுக்கம் சேர்ந்திருக்கிறதா, பொது நிதியில் எவ்வளவு பணம் இருக்கிறது, இந்த மூன்றையும் நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். அறிக்கையைக் காட்டத் தயங்கினால் மேற்கொண்டு எதையும் கேட்க வேண்டாம். ஏழெட்டு மாடிக் கட்டடங்களும் அங்கே நிறைய உண்டு, உங்கள் மனசுக்கு அதுதான் ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

தாய்லாந்து எதற்கு, தாத்தா ஊர்ப்பக்கமே வாங்கலாமே? சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்க பர்மா குடிமக்களான நமக்கு உரிமை உண்டா? (மோல்மேன் வாசகர்)

வெறும் பர்மா பாஸ்போர்ட்டோடு இங்கே இருந்துகொண்டு வாங்க முடியாது. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு கொடுப்பது) இருந்தால் வீடோ கடையோ வாங்கலாம், வயலும் தோட்டமும் பண்ணை வீடும் கூடாது. பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும், பெட்டியில் டாலர் நோட்டு கொண்டுபோய்க் கொடுப்பது செல்லாது. கொள்ளுப் பேரன் வரைக்கும் அந்த அட்டைக்கு மனுப் போடலாம். வழி இருக்கிறது, தாள் எங்கே என்பதுதான் கேள்வி. தாத்தா இராமநாதபுரத்திலிருந்து கப்பல் ஏறி வந்தார் என்று வீடே சொல்லும், ஆனால் அவர் பிறந்ததற்கோ இந்தியர் என்பதற்கோ ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. பழைய வெளிநாட்டவர் பதிவுப் புத்தகம், பழைய இந்திய பாஸ்போர்ட், ஊர்ப்பள்ளிச் சான்றிதழ் எது இருந்தாலும் முதலில் அதைத் தேடுங்கள், வீடு பார்ப்பது அப்புறம். இது கிடைத்தாலும் பணம் இங்கிருந்து வெளியே போகும் சிக்கல் அப்படியே இருக்கிறது, முதல் பதிலைப் படியுங்கள்.

ஏற்கெனவே சட்டப்படி வாங்கிவிட்டோம். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு வீடு போய்ச் சேருமா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

சேரும், ஆனால் வெளிநாட்டவர் உரிமைக்கான தகுதி பிள்ளைக்கு இல்லையென்றால் ஒரு வருடத்துக்குள் விற்றாக வேண்டும். அங்கேயே ஒரு வழக்கறிஞரை வைத்துத் தாய் மொழியில் உயில் எழுதிவையுங்கள், பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் அம்மாவின் அப்பா, வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு செட்டியார் பெட்டியடியில் கணக்கெழுதினவர். அந்தக் காலத்தில் அவர்களுக்கு வெளிநாட்டுச் சொத்து என்றால் இந்த மண்தான். 1930-ல் நெல் விலை விழுந்து, கடன் வாங்கினவர்கள் கட்ட முடியாமல், கேட்காத நிலமெல்லாம் கைக்கு வந்து, 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி வயல் செட்டியார்கள் பெயரில் இருந்தது. அப்புறம் ஜப்பான்காரன் வந்தான், 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. தாத்தாவின் தகரப் பெட்டியில் துவாந்தே பக்கத்து வயல் ஒன்றின் தாள் இன்னும் இருக்கிறது, ராஜா தலை போட்ட முத்திரையோடு, மடித்த இடம் கிழிந்துபோய். யாருடைய வயல், எப்படி அவர் பெட்டிக்கு வந்தது என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியபோது அவர் இல்லை.

அம்மாவைப் பாங்காக் கொண்டோவில் கொண்டுபோய் வைக்கலாம் என்றிருக்கிறோம். அவர் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி: பால்கனியிலிருந்து கயிறு விடலாமா? (லத்தா வாசகி)

விட முடியாதும்மா. கயிற்று நுனியில் கிளிப்பை மாட்டிக் கீழே விட்டு, பேப்பரையும் கீரையையும் இழுத்துக்கொள்வதும், மணி அடித்தால் எட்டிப் பார்ப்பதும் நம் ரங்கூன் மாடிகளோடு சரி. அங்கே பொட்டலம் எல்லாம் கீழே வரவேற்பறையில் நிற்கும், அட்டையைத் தேய்த்து லிஃப்டில் இறங்கிப்போய் எடுத்துவர வேண்டும். பால்கனிக் கம்பியில் புடவை உலர்த்தவும் பல கட்டடங்களில் விடுவதில்லை, கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டுக்காரர் அலுவலகத்துக்குப் போன் போடுவார். எதற்கும் அம்மாவை அழைத்துப்போய் ஒரு மாதம் வாடகை வீட்டில் வைத்துப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.