எஞ்சின் ஒயில் கசிவை முகவர் நிறுவனத்திடம் போகாமல் நாமே சரிசெய்யலாமா?

கசிவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. எஞ்சினின் இரண்டு உலோகப் பாகங்கள் சேரும் இடைவெளியை அடைக்கும் மெல்லிய றப்பர் அல்லது கார்க் தகட்டையே பக்கிங் என்கிறோம். எஞ்சின் ஒவ்வொரு தடவையும் சூடாகி ஆறும்போது அந்த றப்பர் சிறிது சிறிதாக நெகிழ்வை இழந்து இறுகுவதால், பிரஷர் குக்கர் வளையம் பழசாகி ஆவியை விடுவதைப் போல, அதுவும் ஒயிலை விடத் தொடங்குகிறது.

ஒயில் கீழ்நோக்கி வழிந்து, ஓட்டத்தில் காற்றால் பின்னாலும் தள்ளப்படும் என்பதால், சொட்டும் இடம் பெரும்பாலும் கசியும் இடம் அல்ல. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண் புழுதி அதில் ஒட்டிக் களியாகிவிட்டால் எதுவும் தெரியாது. ஆகவே முதலில் எஞ்சினைக் கழுவித் துடைத்து, சிறிது நேரம் ஓடவிட்டு, ஈரம் தெரியும் மிக உயர்ந்த இடத்தைத் தேடுங்கள். அது மேல்மூடியின் விளிம்பானால், ஆறிய எஞ்சினில் மூடியைக் கழற்றி, பழைய பக்கிங்கின் துணுக்குகளை உலோகம் கீறுப்படாமல் சுரண்டி, புதியதை வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகப் போல்ட்டுகளைச் சமமாக இறுக்கலாம். கசிவது, எஞ்சினின் பின்பக்கத்தில் சுழலும் தண்டைச் சுற்றி ஒயிலை அடைக்கும், கியர்பெட்டியை இறக்கியே மாற்ற வேண்டிய சீல் என்றால், என் கருத்தில், அனுபவமுள்ள கராஜிடம் விடுவதே நல்லது.

போல்ட்டை இன்னும் இறுக்கினால் கசிவு நிற்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். பல சிறிய கார்களின் மேல்மூடிக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும், அதற்கு மேல் போனால் மூடி வளைந்து கசிவு கூடும்.