ஷாங்காய்க்காரரின் மஸூர்க்கா: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், போலந்து இசையமைப்பாளர் ஷோப்பனின் மஸூர்க்காக்களை (அந்த நாட்டுக் கிராமத்து ஆட்டத்தை வைத்து அவர் எழுதிய சின்னச் சின்னப் பியானோ உருப்படிகள்) யார் வாசித்துக் கேட்கலாம் என்று கேட்ட ஒருவருக்கு, ஷாங்காயில் பிறந்த பியானோக்காரர் ஃபூ ட்சோங்கின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். 'அது யாரு சார்?' என்று தொடங்கி ஏகப்பட்ட கடிதங்கள். அதனால் இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு, பியானோ மட்டும்தான்.

போலந்துக்காரர்களின் கிராமத்து ஆட்டத்தை ஒரு சீனர் வாசிப்பதில் என்ன ஜீவன் இருந்துவிடப் போகிறது? நோட்டைப் பார்த்துத் தப்பில்லாமல் வாசிப்பார், அவ்வளவுதானே?
வாசகர், கும்பகோணம்

இதற்குப் போலந்துக்காரர்களே 1955இல் பதில் சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் வார்சாவில் நடந்த ஷோப்பன் போட்டியில் முதல் பரிசு உள்ளூர்க்காரர் ஆதாம் ஹராசியேவிச்சுக்கு, இரண்டாவது சோவியத்திலிருந்து வந்த விளாதிமிர் அஷ்கெனாசிக்கு, மூன்றாவது ஷாங்காயில் பிறந்த ஃபூ ட்சோங்குக்கு. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதுதான் அவருக்கு 21 வயது நிறைந்தது. ஆனால் மஸூர்க்காவை நன்றாக வாசிப்பவருக்கென்று போலந்து வானொலி தனியாக ஒரு பரிசு வைத்திருக்கிறது பாருங்கள், அதை முதல் பரிசு வாங்கிய தங்கள் ஊர்ப் பையனுக்குக் கொடுக்காமல் இவருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் ஊர் ஆட்டம், அவர்கள் ஊர் நடுவர்கள் நிறைந்த சபை, அப்படியிருந்தும்.

'தப்பில்லாமல் வாசிப்பார்' என்கிறீர்களே, வேடிக்கை என்னவென்றால் அந்த ஒரு விஷயத்தில்தான் அவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கியவர். சின்ன வயதில் கற்றுக்கொண்டதை இடையில் விட்டுவிட்டு, யுன்னான் பக்கம் போய் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்து, 17 வயதில் ஷாங்காய்க்குத் திரும்பி வந்துதான் மறுபடி முழுமூச்சாக உட்கார்ந்தார். மற்ற போட்டியாளர்கள் ஆறேழு வயதிலிருந்து விரலைத் தீட்டிக்கொண்டு வந்தவர்கள். விரல் வேகத்தில் அவர்களை இவர் பிடிக்க முடியாது, பிடிக்கவும் இல்லை. பிற்காலத்தில் கையில் தசைநார்த் தொல்லை வேறு, விரல் நுனி மட்டும் வெளியே தெரியும் கையுறையோடு வாசிப்பார். சத்தமும் வேகமுமாக அடித்து நொறுக்க வேண்டிய பெரிய உருப்படிகளில் அவர் திணறுவது என் காதுக்கே கேட்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

மஸூர்க்காவின் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அதில் மூன்று எண்ணிக்கை. வால்ட்ஸ் என்கிற ஐரோப்பிய நடனத்துக்கும் மூன்றுதான், ஆனால் வால்ட்ஸில் அழுத்தம் முதல் எண்ணிக்கையில் விழும், மஸூர்க்காவில் அது இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும், எதில் என்று பாட்டுக்குப் பாட்டு, சில சமயம் வரிக்கு வரி மாறும். அதோடு போனால் பரவாயில்லை, மூன்று எண்ணிக்கையும் ஒரே நீளமும் இல்லை. ஒன்று இழுபடும், இன்னொன்று அந்தக் கடனை அடைக்கும். காகிதத்தில் எல்லாம் சமமாகத்தான் எழுதியிருக்கும்! சார்ல்ஸ் ஹாலே என்ற பியானோக்காரர் ஷோப்பனிடமே போய், 'நீங்கள் வாசிக்கும்போது இது நாலு எண்ணிக்கை மாதிரி அல்லவா இருக்கிறது' என்று சொல்லியிருக்கிறார். ஷோப்பன் ஒப்புக்கொள்ளவில்லை. ஹாலே விடாமல் ஒன்றை வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சத்தமாக எண்ணிக் காட்ட, ஷோப்பன் சிரித்துவிட்டு, எங்கள் நாட்டு ஆட்டத்தின் சுபாவமே அப்படித்தான் என்றாராம். இதே சந்தேகத்தை ஒபரா எழுதிய மேயர்பேர் கிளப்பியபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்து பியானோவில் அடித்து அடித்துக் காட்டியிருக்கிறார். மூன்றை நாலென்று நினைக்கும் அளவுக்கு இழுக்க வேண்டும், ஆனால் அது மூன்றாகவே இருக்க வேண்டும். இதை நோட்டைப் பார்த்து வாசிக்க முடியாது. ஃபூ ட்சோங் போட்டிக்குச் சில மாதங்கள் முன்னால்தான் போலந்துக்கு வந்து பேராசிரியர் ட்ஷெவியெட்ஸ்கியிடம் சேர்ந்தார், அந்த அவகாசத்தில் அவர் பிடித்தது இதைத்தான்.

வெறும் காலி மனதோடு வந்தவர் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஷாங்காயில் 1879இலேயே ஐரோப்பியர்கள் ஒரு பேண்டு வாத்தியக் குழுவை ஆரம்பித்து, அது வளர்ந்து நகராட்சி ஆர்க்கெஸ்ட்ராவாகி இருந்தது. அதைப் பல வருஷம் நடத்திய இத்தாலியர் மாரியோ பாச்சிதான் இவருக்குச் சிறு வயது ஆசிரியர். பாச்சியின் ஆசிரியர் ஸ்கம்பாட்டி, அவருடைய ஆசிரியர் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட், அந்த லிஸ்டோ ஷோப்பனின் நண்பர். குரு பரம்பரை பார்த்தாலும் இவர் ஒன்றும் அந்நியர் இல்லை.

தாய்நாட்டை விட்டுப் போனவர், அப்பா அம்மாவை இழந்தவர். அந்தத் துக்கம்தான் அவர் வாசிக்கும் ஷோப்பனில் அழுகையாக வருகிறது என்று படித்தேன். கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.
வாசகி, சிங்கப்பூர்

தோன்றட்டும். ஆனால் வருஷக் கணக்கு ஒத்துவரவில்லையே அம்மா. மஸூர்க்கா பரிசு 1955இல். அப்போது அப்பாவும் அம்மாவும் ஷாங்காயில் சௌக்கியமாக இருந்தார்கள், அடிக்கடி கடிதம் போய்க்கொண்டிருந்தது, இவர் அரசாங்கம் அனுப்பிய மாணவர், ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. அவர் போலந்திலிருந்து லண்டனுக்கு ஓடியது 1958 டிசம்பரில். அந்த வருஷம் அப்பாவுக்கு 'வலதுசாரி', அதாவது கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரி என்று முத்திரை குத்திவிட்டார்கள், திரும்பிப் போனால் அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் கண்டித்துப் பேச வேண்டியிருக்கும் என்ற பயம். பெற்றோர் இருவரும் மாவோவின் கலாசாரப் புரட்சி தொடங்கியதும் 1966 செப்டம்பரில் தற்கொலை செய்துகொண்டார்கள். இவர் மறுபடி சீனாவில் கால் வைத்தது 1979இல், அவர்களுடைய நினைவுக் கூட்டத்துக்காக.

அதாவது, அந்த மஸூர்க்கா வந்த பிறகுதான் துக்கம் வந்தது. கதையைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது நம் காதே அழுகையைச் சேர்த்துக்கொள்கிறது. ஷோப்பனுக்கும் இதே கதிதான், 20 வயதில் 1830இல் வார்சாவை விட்டவர் திரும்பவே இல்லை என்பதால் அவர் எழுதிய எல்லாவற்றையும் ஏக்கமாகவே கேட்கிறோம், அதில் எத்தனையோ மஸூர்க்கா குறும்பும் குத்தலும் குடியானவர் ஆட்டமுமாக இருப்பதை விட்டுவிடுகிறோம்.

சரி, சீனத்தனம் என்று ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அது துக்கத்தில் இல்லை, படிப்பில். அப்பா ஃபூ லெய் சாதாரண ஆள் இல்லை, பால்ஸாக்கையும் ரொமேன் ரோலாந்தையும் சீனத்துக்குக் கொண்டுவந்தவர். மகனுக்குப் பழைய சீனக் கவிதையையும் ஐரோப்பிய இலக்கியத்தையும் சேர்த்தே ஊட்டினார். முத்திரை குத்தப்பட்டு வீட்டோடு முடங்கிக் கிடந்த காலத்தில், ஹிப்போலிட் டேன் என்ற பிரெஞ்சுக்காரர் கலைத் தத்துவம் பற்றி எழுதிய புத்தகத்தில் கிரேக்கச் சிற்பம் பற்றிய பகுதியைத் தான் மொழிபெயர்த்ததிலிருந்து கையாலேயே நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார். பியானோ வாசிக்கிற பையனுக்குக் கிரேக்கச் சிற்பம் எதற்கு என்று நாம் கேட்போம். அவர் கேட்கவில்லை. அந்த மகன்தான் பிற்பாடு ஷோப்பனைப் பற்றிப் பேசும்போது, ராஜ்ஜியத்தை இழந்து சிறைப்பட்டுக் கவிதை எழுதிய பத்தாம் நூற்றாண்டு அரசன் லி யூவைச் சொல்வார், ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் என்றால் பழைய சீனக் கவிஞர் தாவ் யுவான்மிங்கைச் சொல்வார். இப்படி ஒப்பிடுவதைக் கேட்டாலே சிலருக்கு எரிச்சல் வரும். எனக்கு வராது, ஏனென்றால் அவர் பியானோவில் உட்காரும்போது லி யூவை வாசிக்கவில்லை, ஷோப்பன் எழுதிய புள்ளியையும் கோட்டையும் பிசகாமல் பார்த்துத்தான் வாசித்தார். ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1960இல் இவரை ரேடியோவில் கேட்டுவிட்டு, முன்பின் தெரியாத இந்த இசைக்காரருக்காக ஒரு கட்டுரையே எழுதினார்.

நான் கர்நாடக சங்கீதம் மட்டும் கேட்டு வளர்ந்தவள். பியானோவில் கமகம் கிடையாது, தட்டினால் நின்றுவிடுகிறது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?
வாசகி, ஸ்ரீரங்கம்

உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே பிடிக்கலாம். வீட்டில் ஹார்மோனியமோ கீபோர்டோ இருந்தால், நாலு கட்டையை ஸட்ஜமமாக வைத்துக்கொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக மேலே ஏறி வாசியுங்கள். பிரதி மத்தியமம் தானாக வந்து விழும், மேசகல்யாணியின் சுரங்கள். இப்போது ஷோப்பனின் ஓபஸ் 24 (ஓபஸ் என்றால் படைப்பு வரிசை எண்), இரண்டாவது மஸூர்க்காவைப் போடுங்கள். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு பகுதி முழுக்க இதே வெள்ளைக் கட்டைச் சுரங்களில் போகும். போலந்து கிராமத்துப் பிடில்காரர்கள் மத்தியமத்தை இப்படி ஏற்றி வாசிப்பது வழக்கம், அங்கிருந்து எடுத்தது. கல்யாணி ராகம் வரும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள், பிடிப்பும் சஞ்சாரமும் ஒன்றும் இருக்காது, சுரங்கள் மட்டும்தான். ஆனால் அந்த மத்தியமம் வரும்போது உங்கள் காது நிமிர்ந்து உட்காரும், அது போதும் ஆரம்பிக்க.

அடுத்து இடது கை. வலது கைதான் பாட்டைச் சொல்கிறது என்று எல்லோரும் அதையே கேட்கிறோம். ஃபூ ட்சோங்கைக் கேட்கும்போது முதல் தடவை பாட்டை விட்டுவிட்டு இடது கை போடும் மூன்று எண்ணிக்கையில் மட்டும் காதை வையுங்கள், வேண்டுமானால் தொடையில் தட்டிக்கொண்டே. நீங்கள் தட்டும் இடத்தில் அவர் இருக்க மாட்டார். ஒரு மயிரிழை முந்துவார் அல்லது பிந்துவார், ஆனால் ஒரு வரி முடியும்போது இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருப்பீர்கள். சேராவிட்டால் அவர்மேல் தப்பா, உங்கள்மேல் தப்பா என்று இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒன்றே ஒன்று: ஓபஸ் 17, நாலாவது, ஏ மைனர். முதலில் மெல்லிய சில சுரக்கூட்டுகள் மட்டும் வரும். மேலும் கீழும் அசையாமல் நிற்க, நடுவில் உள்ள சுரம் மட்டும் ஊர்ந்து ஏறும். எந்த ஸட்ஜமத்தில் இருக்கிறோம் என்றே பிடிபடாது. பிறகு பாட்டு வந்து, ஊர் சுற்றி, கடைசியில் அதே கூட்டுகளுக்குத் திரும்பி வந்து, ஸட்ஜமத்தில் உட்காராமலேயே முடித்துவிடுவார் ஷோப்பன். நமக்கு இது அநியாயமாகத் தோன்றும்! பல பேர் இந்த முடிவை ரொம்ப உருகி, நிறுத்தி நிதானித்து, 'பார், நான் எவ்வளவு சோகமாக இருக்கிறேன்' என்று வாசிப்பார்கள். ஃபூ ட்சோங் அப்படி எதையும் செய்வதில்லை, பேச்சை முடிக்காமல் எழுந்து போகிறவர் மாதிரி போய்விடுவார். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

லாங் லாங், யூஜா வாங் எல்லாம்? அவர்கள் வேடிக்கை காட்டுகிறவர்கள்தானே?
வாசகர், திருநெல்வேலி

இன்றைய சீனப் பியானோ நட்சத்திரங்கள் இருவரையும் கேட்கிறீர்கள். வேடிக்கையும் காட்டுவார்கள், வாசிக்கவும் வாசிப்பார்கள். யூஜா வாங் 2023 ஜனவரியில் நியூயார்க் கார்னகி ஹாலில் ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினாவின் நாலு பியானோ கான்செர்ட்டோக்களையும் (ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் பெரிய உருப்படிகள்) பாகனினி ராப்சடியையும் ஒரே நாளில் வாசித்தார். அவருடைய உடையைப் பற்றி எழுதியவர்கள் அதையும் எழுதியிருக்கலாம்.

லாங் லாங் விஷயத்தில் எனக்குச் சண்டை இருக்கிறது. பாஹின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை, அதாவது ஒரே அடித்தளத்தை முப்பது விதமாக மாற்றி வாசிக்கும் உருப்படியை, 2020இல் வெளியிட்டார், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. கனடாக்காரர் க்ளென் கூல்ட் 1955இல் அதையே சுமார் 38 நிமிடத்தில் முடித்தார், திருப்பி வாசிக்க வேண்டிய பகுதிகளை விட்டுவிட்டு. நீளம் குற்றமில்லை. 25ஆவது வேரியேஷனில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பெருமூச்சு விட்டால் அடியில் ஓடுகிற பேஸ் வரி (கீழ்ச் சுரங்களின் ஓட்டம்) அறுந்துபோகிறது, அந்த வரிதான் முப்பது வேரியேஷனையும் கட்டி வைத்திருக்கும் கயிறு. அதற்கு ஜூ ஷியாவ்மெய் வாசித்ததைக் கேளுங்கள். 1949இல் ஷாங்காயில் பிறந்து, கலாசாரப் புரட்சியில் ஐந்து வருஷம் ஜாங்ஜியாகோ பக்கம் உழைப்பு முகாமில் கிடந்து, பிறகு பாரிஸில் குடியேறியவர். அலட்டல் இல்லாமல், தண்ணீர் ஓடுவது போல ஓடும் வாசிப்பு. (சிங்கப்பூர் வாசகிக்குச் சொன்ன பதிலில் கதையைப் பார்த்துக் கேட்காதீர்கள் என்று சொன்னது இவருக்கும் பொருந்தும். முகாம் கதையை அப்புறம் படியுங்கள்.)

இன்னொரு தகவல்: ஷோப்பன் போட்டியில் முதல் பரிசு வாங்கிய முதல் சீனர் யுண்டி லி, 2000இல், 18 வயதில். அதற்கு முந்தைய இரண்டு போட்டிகளிலும் முதல் பரிசுக்குத் தகுதியானவர் இல்லை என்று யாருக்கும் கொடுக்காமலே விட்டிருந்தார்கள்.

என் பையன் ட்ரினிட்டி கிரேடு பரீட்சைக்குப் பியானோ கற்கிறான். ஃபூ லெய் போல நானும் கண்டிப்பாக இருந்து அவனைக் கொண்டுவரலாமா?
ஒரு தந்தை, கோவை

வேண்டாம். ஃபூ லெய் மகனை அடித்தே வளர்த்தவர். 1954 ஜனவரியில் பையன் ஊரை விட்டுக் கிளம்பிய உடனே அவர் எழுதிய முதல் கடிதங்களில் உன்னைக் கொடுமைப்படுத்திவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கிறார். அந்தக் கடிதங்கள் 1981இல் புத்தகமாக வந்து சீனாவில் வீட்டுக்கு வீடு படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள். நிறையப் பெற்றோர் அதில் கண்டிப்பை மட்டும் அடிக்கோடு போட்டுப் படிப்பதாகத்தான் எனக்குச் சந்தேகம்.

சரி, ஒரே ஒரு இசைத்தட்டு வாங்குவதென்றால்?
வாசகர், யாழ்ப்பாணம்

ஃபூ ட்சோங் வாசித்த மஸூர்க்காக்கள். முழுசையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள், ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன, திகட்டிவிடும், நாலு நாலாகக் கேளுங்கள். அது பிடித்தால் அவர் வாசித்த ஷோப்பனின் நாக்டர்ன்கள் (இரவு நேரத்து அமைதியான உருப்படிகள்), அப்புறம் இத்தாலிய இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டியின் உருப்படிகள். பிடிக்காவிட்டால் மறுபடி எழுதுங்கள், வேறு ஆளைச் சொல்கிறேன்.