கடன் ஆலோசகர் வேலைக்கு இங்கே இடமுண்டா?

கேள்வி: அக்கா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்து முடித்திருக்கிறேன். கடனில் சிக்கியவர்களுக்கு வழிகாட்டும் கடன் ஆலோசகர் என்று ஒரு தனித் தொழிலே இருப்பதாக ரொறன்ரோவிலுள்ள சித்தி சொல்கிறார். இங்கே அதற்கு இடமுண்டா? சிறுகடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனமொன்று வெளிக்கள உத்தியோகத்தர் வேலை தருவதாகச் சொல்கிறது. போகலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: வேலை நிறைய இருக்கிறது, தங்கச்சி. அந்தப் பெயரில் பதவிதான் அரிது. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, வங்குரோத்துக்கு விண்ணப்பிக்கும் தனிநபர் முதலில் ஆலோசகரைக் கண்டாக வேண்டும். இங்கே சட்டம் யாரையும் அனுப்பிவைப்பதில்லை. தாங்களாகத்தான் வருகிறார்கள், அதுவும் பிந்தி.

நான் இருப்பது ஒரு சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில். வருகிற பெண் உடனே வாய் திறக்கமாட்டார். கைப்பையிலிருந்து தவணைப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைப்பார். திங்கட்கிழமை ஒரு நிறுவனத்துக்கு, புதன்கிழமை இன்னொன்றுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் தாலிக்கொடி அடகு வைத்த பற்றுச்சீட்டு. அதை எடுக்கும்போதுதான் அழுகை வரும். அழுது முடியும்வரை நான் கணக்கைத் தொடுவதில்லை.

பிறகு கணக்கு. ஒரு இலட்சம் ரூபாவை "மாதம் இரண்டு வட்டி" என்று கொடுத்து, முழுத்தொகைக்கும் வட்டி போட்டு, பன்னிரண்டு மாதமும் 10,333 ரூபா அறவிடுகிறார்கள். கேட்பவருக்கு ஆண்டுக்கு 24 சதவீதம் என்றுதான் படும். மாதாமாதம் குறைந்துவரும் முதலுக்குக் கணித்தால் அது ஏறத்தாழ 42 சதவீதம்! இதைத் தாளில் எழுதிக் காட்டினால் பலர் பேனாவை வாங்கித் தாங்களே ஒருமுறை கூட்டிப் பார்ப்பார்கள். எந்தக் கடனை முதலில் அடைப்பது, யாரிடம் தவணையை நீட்டிக் கேட்பது, அயலவருக்குப் பிணை நின்றதை என்ன செய்வது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

வெளிக்கள வேலை வேண்டாம் என்பதே என் எண்ணம். வசூல் இலக்கை வைத்து உங்களை அளக்கும் இடத்தில், "அக்கா, இனிக் கடன் எடுக்காதீர்கள்" என்று நீங்கள் யாரிடமும் சொல்ல முடியாது. வட அமெரிக்காவிலும் பல ஆலோசனை நிலையங்களுக்குக் கடன் கொடுத்த வங்கிகளே ஒரு பங்கு பணம் தருகின்றன. சித்தியிடம் கேட்டுப் பாருங்கள். எங்கே போனாலும் சம்பளம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்று முதலில் விசாரியுங்கள்.

கூட்டுறவுச் சங்கங்கள், பெண்கள் அமைப்புகள், வங்கிகளின் கடன் பகுதி ஆகியவற்றில் முயலுங்கள். தொண்டு நிறுவனங்களில் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். கூட்டுறவில் சம்பளம் சிறிது, அதை மறைக்கமாட்டேன். இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் பாடநெறிகளைப் பாருங்கள். சிங்களமும் படியுங்கள், தவணையை நீட்டித் தரும்படி கொழும்புத் தலைமை அலுவலகத்தோடு தொலைபேசியில் வாதாடப்போவது நீங்கள்தான்.