"மொரீஷியஸ் வந்து மூன்று மாதம், எதிலும் மனசு ஒட்டவில்லை" என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். திருப்பூரில் பத்து வருடம் தையல் லைன் பார்த்துவிட்டு இங்கே சூப்பர்வைசராக வந்து மூன்று மாதம் ஆகிறது, சம்பளம் ஊரில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு, ரூமும் கம்பெனியே கொடுத்துவிட்டது, ஆனாலும் காலையில் எழுந்து பல் தேய்க்கவே மனசு வரவில்லை, ராத்திரி நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஊரில் குரலே உயர்த்தாத நீங்கள் போன வாரம் ஒரு பையனிடம் கத்திவிட்டீர்கள். "நான் சோம்பேறியாகிவிட்டேனா அண்ணா, இல்லை மனநோயா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் 2011-இல் கரூரிலிருந்து வந்தவன். வந்த புதிதில் இதே மாதிரி கிடந்து, எனக்கு என்னதான் ஆயிற்று என்று தெரிந்துகொள்வதற்காகவே தொலைதூரக் கல்வியில் உளவியல் எம்.ஏ. சேர்ந்தேன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்ததில் பாதி மறந்துவிட்டது, நான் பட்டதோடு ஒட்டிக்கொண்ட பாதிதான் மிச்சம்.

முதலில் ஒரு கணக்கு. 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு மார்க் போட்டார்கள். கணவனோ மனைவியோ இறந்தால் 100. கல்யாணத்துக்கு 50. ஆமாம், நல்ல காரியத்துக்கும் மார்க் உண்டு, ஏனென்றால் நல்லதோ கெட்டதோ, புதிதாக ஒன்றுக்குப் பழகுவதற்கே உடம்பு செலவாகிறது என்பது அவர்கள் வாதம். உங்களுக்குப் போட்டுப் பார்த்தேன்: வீடு மாறியது 20, வாழும் சூழ்நிலை மாறியது 25, வேலை நேரமும் நிலைமையும் 20, தூக்கம் 16, சாப்பாடு 15, பொழுதுபோக்கு 19, கோயில் குளம் போவது 19, பழகும் ஆட்கள் 18, சொந்தபந்தத்தோடு கூடுவது குறைந்தது 15, வரவு செலவு மாறியது 38. மொத்தம் 205. சம்பளம் கூடியதற்கும் சேர்த்துத்தான் அந்த 38, அதைக் கவனியுங்கள். ஒரு வருடத்தில் 150-ஐத் தாண்டினாலே உடம்புக்கு ஏதாவது வரும் வாய்ப்பு கூடுகிறது என்றார்கள். நீங்கள் மூன்று மாதத்தில் தாண்டிவிட்டீர்கள். தலைநகர் போர்ட் லூயியில் அப்பிரவாசி காட் என்று ஒரு இடம் இருக்கிறது, அந்தக் காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் இறங்கி ஏறிய படிக்கட்டு இன்னும் அங்கே நிற்கிறது. அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம் இவர்களுக்கு யார் மார்க் போட்டார்கள் என்று தோன்றும். அது கிடக்கட்டும்.

இந்த மார்க்கை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. உங்கள் ரூமில் உங்களோடு வந்த அந்தப் பையன் குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்று எழுதியிருந்தீர்களே, அவனுக்கும் அதே 205 தானே? இந்த இடத்தில்தான் ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளர் எனக்குக் கைகொடுத்தார். எது வந்தாலும் மனசு இரண்டு கேள்வி கேட்கிறது என்பார் அவர். இதனால் எனக்கு ஆபத்தா? அப்புறம், இதைச் சமாளிக்க என் கையில் என்ன இருக்கிறது? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காதபோதுதான் அது மன அழுத்தம் ஆகிறது. 1960-களில் அவருடைய குழு பார்க்கச் சகிக்காத ஒரு படத்தையே வெவ்வேறு பின்னணிக் குரலோடு வெவ்வேறு ஆட்களுக்குப் போட்டுக் காட்டியது. குரல் மாற மாற, பார்த்தவர்களின் உடம்பில் ஏறிய பதற்றமும் மாறியது. படம் என்னவோ ஒன்றுதான்.

இதை நான் புயலில் பார்த்தேன். வந்த முதல் ஜனவரியில் புயல் எச்சரிக்கை இரண்டாம் வகுப்பு என்று ரேடியோவில் சொன்னார்கள். இங்கே ஒன்றிலிருந்து நான்கு வரை ஏற்றுவார்கள், நான்கு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று தீவைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். நான் பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு அம்மாவுக்கு போன் போட்டு அழுதே விட்டேன். கீழ் வீட்டு ஆயா, வீட்டுக்காரம்மா, எழுபது வயது, டிரம்மில் தண்ணீர் பிடித்தார், கொல்லையில் கிடந்த தகரத்தை உள்ளே இழுத்துப் போட்டார், பருப்பு வேகவைத்தார், வாளியைக் கயிற்றால் கட்டினார், என்னைப் பார்த்துச் சிரித்தார். அதே காற்றுதான். அவருக்கு இரண்டாவது கேள்விக்குப் பதிலாக டிரம்மும் தகரமும் கயிறும் இருந்தன, எனக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. மூன்றாவது புயலில் நானே அவர் வீட்டுத் தகரத்தை இழுத்துப் போட்டேன், பயம் போய்விட்டதா என்றால் இல்லை, ஆனால் கைக்கு வேலை இருந்தது.

ராத்திரி நெஞ்சு படபடப்பு. முதலில் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், இதில் தத்துவம் பேசக் கூடாது. நானும் ஒரு நாள் விடிகாலை இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. "காபி எத்தனை குடித்தீர்கள்?" என்று கேட்டார் அங்கிருந்த நர்ஸ். ஆறு. உடம்பு படபடப்பது ஒன்று, அதற்கு நாம் வைக்கும் பெயர் இன்னொன்று. ஷாக்டர், சிங்கர் என்ற இருவர் 1962-இல் மாணவர்களுக்கு வைட்டமின் என்று சொல்லி அட்ரினலின் ஊசி போட்டார்கள். ஏன் நெஞ்சு அடிக்கிறது என்று தெரியாதவர்கள், பக்கத்தில் ஒருவன் கும்மாளம் போட்டால் தாங்களும் குஷியானார்கள், அவன் கோபப்பட்டால் தாங்களும் எரிச்சலானார்கள். பின்னால் செய்த ஆய்வுகளில் அந்த முடிவு அப்படியே வரவில்லை, அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது: ஓவர்டைம் முடிந்து, காபி குடித்து, இருட்டு ரூமில் தனியாகப் படுத்தால், உடம்பில் எது துடித்தாலும் அதற்குப் பயம் என்றுதான் பெயர் வைப்பேன். அந்தப் பையனிடம் நீங்கள் கத்தியதும் கிட்டத்தட்ட அந்த வகைதான், அவன் தைத்த பீஸ் அன்றைக்கு அவ்வளவு மோசமாகவா இருந்தது?

இப்போது நீங்கள் கேட்டதிலேயே பெரிய விஷயம், ஏன் மனசு வரவில்லை என்பது. கம்பெனிப் பயிற்சியில் மாஸ்லோ என்ற உளவியலாளரின் பிரமிடு போட்டுக் காட்டியிருப்பார்கள், மனுஷனின் தேவைகள் படிப்படியாக, சோறு, பாதுகாப்பு, அப்புறம் மேலே மேலே என்று. (அந்த முக்கோணத்தை அவர் வரையவே இல்லை, பின்னால் வந்தவர்கள் வரைந்தது.) எனக்கு அதைவிட டெசி, ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சொன்னதுதான் பொருந்தியது. மனுஷனுக்குத் தானாக ஊக்கம் வர மூன்று வேண்டும் என்கிறார்கள்: என் இஷ்டப்படி செய்கிறேன் என்ற உணர்வு, எனக்கு இது கைவரும் என்ற உணர்வு, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. திருப்பூரில் உங்களுக்கு மூன்றும் இருந்தது, அதனால் அவை இருந்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஓவர்லாக் மிஷின் சத்தத்தை வைத்தே ஊசி எங்கே மழுங்கியிருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள், இங்கே வந்து "நூல் மாற்று" என்று இந்த ஊர்க்காரர்கள் பேசும் கிரியோலில் சொல்லத் தெரியாமல் சைகை காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். இதைச் சோம்பல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆட்கள் விஷயத்தில் இந்தத் தீவு ஒரு வேடிக்கை காட்டும். முதல் சம்பளத்தில் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. 1998-இல் வந்த புது நோட்டில் தமிழைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் கொதித்து, அரசாங்கமே அந்த நோட்டைத் திரும்பப் பெற்றது, அவ்வளவு பிடிப்பு. காவடி எடுப்பார்கள், வாழையிலையில் ஏழு கறி வைப்பார்கள், முகம் நம் அத்தை முகம், ஆனால் வாயைத் திறந்தால் "கி மான்யேர்?", கிரியோலில் எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம். முற்றிலும் அந்நியமான ஊருக்குப் போயிருந்தால் நான் இவ்வளவு ஏங்கியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒன்று. டெசி 1971-இல் மாணவர்களிடம் புதிர்க்கட்டை கொடுத்தார். ஒரு கூட்டத்துக்கு விடுவித்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர், இன்னொரு கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. காசை நிறுத்திய பிறகு, காசு வாங்கியவர்கள் சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் கட்டையைத் தொடுவது குறைந்துபோனது. நான் அப்போது ஒவ்வொரு மணி நேரத்தையும் போனில் இந்திய ரூபாயாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன், தேநீர் இடைவேளையைக்கூட. அந்த ஆப்பை அழித்துவிட்டு மாதம் ஒரு தடவை, பணம் அனுப்பும் அன்றைக்கு மட்டும் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். அழித்த பிறகு வேலை கொஞ்சம் வேலையாகத் தெரிந்தது.

வீட்டுக்கு ராத்திரி பேசாதீர்கள். நமக்கு ஒன்பது என்றால் ஊரில் பத்தரை, அம்மா தூக்கக் கலக்கத்தில் "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்பார், நீங்கள் அதை நினைத்துக்கொண்டே விடிய விடிய முழித்திருப்பீர்கள். காலை ஆறுக்குக் கூப்பிடுங்கள், அங்கே ஏழரை, அடுப்படிச் சத்தம் கேட்கும், அது நல்லது. சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம். எதிலுமே பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்தாலோ, இருந்து என்ன பிரயோஜனம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலோ, நேராக டாக்டரிடம் போங்கள், எனக்கும் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்.

கைவரும் உணர்வு எனக்குத் திரும்ப வந்தது மார்க்கெட்டில். போர்ட் லூயி பஜாரில் கறிவேப்பிலை வேண்டும், எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இலை, தாளிப்பு என்று கையால் என்னென்னவோ செய்துகொண்டு நின்றேன். கடைக்காரம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கரிபூலே?" என்றார். அட, நம் வார்த்தைதான்! பக்கத்தில் இருந்த முருங்கைக்கீரையைக் காட்டி அது என்ன என்று சைகையில் கேட்டேன், "ப்ரேட் முறும்." அன்றைக்கு இரண்டு கட்டு தேவையில்லாமல் வாங்கினேன், ரூம் முழுக்க வாசனை. அப்புறம் வாரம் பத்து வார்த்தை என்று அந்தம்மாவிடமே கற்றுக்கொண்டேன்.

சனிக்கிழமை லீவு கிடைத்தால் வாருங்கள், காலை எட்டு மணிக்கு பஜார் வாசலில் இருப்பேன். கரிபூலே நீங்கள்தான் கேட்க வேண்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன்.