வான்கோழிக்கு உப்புநீரா, ஊசியா?

அமெரிக்காவின் நன்றி நவிலும் நாளுக்கு முழு வான்கோழி சமைக்கப்போவதாகவும், நெஞ்சுக்கறி வறண்டுபோகாமல் இருக்க உப்புநீரில் ஊறவைப்பதா, ஊசியால் சாறு ஏற்றுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடையில் உறைந்த பறவையைத்தான் வாங்கியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் உறையில் உள்ள பொடி எழுத்துகளைப் படியுங்கள். இத்தனை விழுக்காடு வரை உப்புக்கரைசல் சேர்க்கப்பட்டது என்று அச்சிட்டிருந்தால், தொழிற்சாலையிலேயே அதற்கு ஊசி ஏற்றிவிட்டார்கள். அதை மறுபடி உப்புநீரில் போட்டால் உப்பு மிஞ்சிவிடும். அந்தத் தண்ணீருக்கும் கறியின் விலையையே நாம் கொடுக்கிறோம் என்பது என் நெடுநாள் ஆற்றாமை.

முழு வான்கோழிக்கு என் விடை ஊசிதான். உப்புநீர் ஆதரவாளர்கள் சினம் கொள்ள வேண்டாம். அம்முறை வீண் என்று நான் சொல்லவில்லை. உப்பு கறியின் புரதத்தைத் தளர்த்துவதால் வெந்த பிறகும் நீர் உள்ளே தங்குகிறது. ஆனால் உப்பு நுழைகிற ஆழத்துக்குப் பூண்டும் மிளகும் நுழைவதில்லை. தொட்டி நிறையப் பட்டையும் கிராம்பும் போட்டு ஊறவைத்தாலும் மணம் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். மேலும், 6 கிலோ பறவையை இரவு முழுவதும் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே நீரில் மூழ்கவைக்கக் குளிர்பெட்டியில் இடம் எங்கே இருக்கிறது?

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். லூயிசியானாவில் பிறந்த எங்கள் அண்டை வீட்டுக்காரர், அங்குள்ள பிரெஞ்சு வழிவந்த கேஜுன் மக்களின் வழக்கப்படி வான்கோழிக்குச் சாறு ஏற்றி, வாசலுக்கு வெளியே பெரிய பாத்திரத்தில் முழுதாகப் பொரித்தெடுப்பவர். ஊசி பிடிக்கக் கற்றுத்தந்தவர் அவர்தான். (உப்புநீரில் ஊறிய பறவையைச் சரியாக உலர்த்தாமல் எண்ணெயில் இறக்கினால் எண்ணெய் பொங்கித் தீப்பிடிக்கும் என்பதையும் அவர் முதல் பாடமாகவே சொன்னார்.) நான் அடுப்பில் வாட்டுகிறவள் என்றாலும் ஊசியை மட்டும் விடவில்லை. கோழி எலும்பு வேகவைத்த நீரில் பூண்டையும் மிளகையும் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, ரசத்தைவிடச் சற்றுத் தூக்கலாக உப்பிடுகிறேன். வடிகட்டாவிட்டால் ஊசி அடைத்துக்கொள்ளும். வெண்ணெய் சேர்க்கிறவர்கள் உண்டு. குளிர்ந்த கறிக்குள் அது உறைந்துவிடுவதால் எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரே துளையில் ஊசியை நுழைத்து, வெளியே எடுக்காமல் திசை மாற்றி மாற்றிச் செலுத்தினால் தோல் சல்லடையாகாது.

சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்திருந்த என் கணவரின் அக்கா, நான் ஊசியை எடுத்ததைப் பார்த்ததும், "ஊசி போட்ட கறியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே" என்றார். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று நம் ஊரில் பரவியிருக்கும் பேச்சு அவரைப் பிடித்திருந்தது. அமெரிக்காவில் கோழிக்கும் வான்கோழிக்கும் ஹார்மோன் கொடுக்க அனுமதியே இல்லை. நான் ஏற்றுவது ரசம்போன்ற ஒரு சாறுதான் என்று கிண்ணத்தையே காட்டினேன். நெஞ்சுக்கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகும், "என்ன இருந்தாலும் ஊசி ஊசிதான்" என்றார். இன்றுவரை எனக்கு அது பொறுக்கவில்லை.

ஊசியை எதிர்ப்பவர்கள் சொல்ல வேண்டிய நியாயமான காரணம் வேறு: தோலின் மேலுள்ள கிருமிகளை ஊசி கறியின் நடுவே கொண்டுபோய்விடக்கூடும். ஆகவே வெப்பமானியின் முனை எலும்பைத் தொடாமல் தொடையிலும் நெஞ்சிலும் தடித்த பகுதியில் 74 டிகிரி செல்சியசு காட்டும்வரை பறவையை இறக்காதீர்கள்.

ஒன்றரைக் கிலோ கோழி என்றால் என் விடை மாறும். அதற்கு ஊசி தேவையே இல்லை; லிட்டருக்கு 60 கிராம் உப்பிட்ட நீரில் குளிர்பெட்டிக்குள் நான்கைந்து மணி நேரம் ஊறினால் போதும், பிறகு தோல் மொறுமொறுப்பாக வரவேண்டுமானால் நன்றாகத் துடைத்து, மூடாமல் சில மணி நேரம் குளிர்பெட்டியிலேயே உலரவிடுங்கள்.